தேவ நடத்துதலும் வாலிபர் கடமையும்

மாந்தர் வாழ்க்கையை ஒரு யாத்திரையாகக் கருதுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். ஆங்கில நாட்டு யோவான் பனியன் 1678-ஆம் ஆண்டில் வெளியிட்ட மோட்ச யாத்திரை நூலும், அதனைத் தழுவி நெல்லை நாட்டுப் புலவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்ற, 1894-ஆம் ஆண்டில் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகமும், கிறிஸ்தவனை வழிநடைச் செல்வோனாகவே நம் கண்முன் நிறுத்துகின்றன. வழி நடப்போனுக்கு முதற்கண் வேண்டப்படுவது வழியறிவு. ஆதலின், 'என்னைக் குறித்துத் தேவசித்தம் யாது? யான் செல்ல வேண்டிய நெறி எது?' என்னும் வினா கிறிஸ்தவன் ஒவ்வொருவன் உள்ளத்திலும் எழுவது இயல்பே. கல்லூரி வாசம் முடிந்து உலக வாழ்க்கையின் தலைவாயிலில் அடியெடுத்து வைக்கும் மாணவரிடத்தும் மாணவியரிடத்தும் இவ்வினா பெரிதும் வலுப்பெற்று நிற்கின்றது. இப்பொருளைப்பற்றி எமக்குத் தோன்றும் சில கருத்துக்களை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் இவற்றைத் தத்தம் நெறிக்கேற்ப எடைபோட்டுக் கொள்வாராக.

முற்காலத்தில் கல்லூரியை விட்டு வெளியேறுவோர் முன் கிடந்த வழிகள் சிலவே. ஆசிரியத் தொழில், வழக்கறிஞர் தொழில், அரசாங்க உத்தியோகம், திருச்சபை ஊழியம் என்று அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். இக்காலத்திலோ வழிகள் பலவாய்ப் பெருகிவிட்டன. கணினித் தொழில் ஒருபுறம் அழைக்கின்றது. அயல்நாட்டு வேலை மற்றொருபுறம் அழைக்கின்றது. மேற்படிப்பும் போட்டித் தேர்வுகளும் வேறொருபுறம் நிற்கின்றன. வழிகள் பெருகப் பெருகக் கலக்கமும் பெருகுகின்றது. படிப்பிற்காக வாங்கிய கடனும், வீட்டில் மணமாகாதிருக்கும் தமக்கையும், பெற்றோரின் எதிர்பார்ப்பும் அக்கலக்கத்தை இன்னும் மிகுதிப்படுத்துகின்றன. இந்நிலையில், 'இன்ன வழியே செல்க' என்று வானத்தினின்று ஒரு குரல் ஒலித்தால் எத்துணை நலமாயிருக்கும் என்று வாலிபர் ஏங்குதலை யாம் குறைகூறோம்.

ஆயினும், அக்குரலைப் பெறுவதற்கு நம்மவருள் பலர் கையாளும் முறைகள் ஆராயத்தக்கவை. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்து, அதில் வந்த வசனத்தைக் கொண்டே அவ்வாண்டின் காரியங்களை முடிவு செய்வார் சிலர். கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைத் தமக்கென வந்த உத்தரவாகக் கொள்வார் சிலர். தீர்க்கதரிசனம் உரைப்போரிடம் சென்று, எந்தப் பாடத்தை எடுத்துப் படிப்பது, எந்த நாட்டிற்கு விசா கிடைக்கும் என்று கேட்டறிய முற்படுவார் வேறு சிலர். தெருவோரத்தில் கிளி சீட்டெடுப்பதைக் கண்டு புன்னகை புரியும் நாம், வேத புத்தகத்தையே அச்சீட்டுக்கட்டைப்போற் பயன்படுத்துவோமாயின், வேற்றுமை எங்கே உளது? வாக்குத்தத்த அட்டை ஆறுதலளிக்கும் நல்வழக்கமே. அதனை யாம் பழிக்கவில்லை. ஆறுதல் பெறுவது வேறு. ஆராய்ச்சியையும் உழைப்பையும் விட்டொழித்து, முடிவு செய்யும் பாரத்தைச் சீட்டின்மேற் சுமத்துவது வேறு.

எம் கருத்து இதுவே: தேவ நடத்துதல் என்பது வருங்காலத்தை முன்னறிவிக்கும் சோதிடமன்று. இன்று நம் கண்முன் தெளிவாய்க் கிடக்கும் கடமைக்குக் கீழ்ப்படிவோனை, அக்கீழ்ப்படிதலின் வாயிலாகவே அடுத்த கடமைக்குக் கொண்டுசேர்க்கும் தேவனுடைய செயலே அது. தெரிந்த சித்தத்தைச் செய்யாதவன் தெரியாத சித்தத்தை அறிய விழைவது வீண்.

சங்கீதக்காரர் தேவ வசனத்தைக் காலுக்கேற்ற விளக்காகக் கண்டார். கைவிளக்கை ஏந்தி இரவில் ஏரிக்கரைமேல் நடந்தோர் இவ்வுவமையின் பொருளை நன்கு உணர்வர். அவ்விளக்கு ஊர்வரையுள்ள வழி முழுவதையும் காட்டுவதன்று. காலடியிலுள்ள கல்லையும் முள்ளையும் காட்டும். அவ்வடியை வைத்தபின்னரே அடுத்த அடிக்கு வேண்டிய ஒளி கிட்டும். வழி முழுவதும் விளங்கினாலன்றி நடவேன் என்று கரைமேல் நிற்பவன் விடியுமளவும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஆபிரகாம் தான் போகுமிடம் இன்னதென்று அறியாமலே புறப்பட்டான் என எபிரெயருக்கு எழுதின நிருபம் அவனுடைய விசுவாசத்தைப் பாராட்டுவதும் இதுபற்றியே.

'கிதியோன் ஆட்டுத் தோலைக் களத்திலே போட்டுப் பனியினால் அடையாளம் கேட்கவில்லையோ? அப்போஸ்தலர் சீட்டுப் போடவில்லையோ?' என்று சிலர் வினவக்கூடும். நியாயாதிபதிகள் ஆகமத்தை ஊன்றி வாசிப்போர்க்கு ஒன்று விளங்கும். கிதியோன் தோலைப் போடுமுன்னரே, அவன் செய்யவேண்டியது இன்னதென்று அவனுக்குத் திட்டமாய்க் கூறப்பட்டிருந்தது. அவன் தேவசித்தத்தை அறியும்பொருட்டன்று, அறிந்த சித்தத்தைச் செய்ய அஞ்சியே அடையாளம் கேட்டான். தேவன் அவன் பலவீனத்திற்கு இரங்கினார் என்பதே அங்குப் பெறப்படுவது. மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப் போட்டதும் மெய்யே. அது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன் நிகழ்ந்தது. ஆவியானவர் அருளப்பெற்ற பின்னர், பந்தி விசாரணைக்கென எழுவர் தேவைப்பட்டபோது, நற்சாட்சியும் ஞானமும் உடையோரைச் சபையார் தாமே ஆய்ந்து தெரிந்தெடுத்தனர். அப்போஸ்தலர் நடபடிகளில் அதன்பின் திருப்பணிக்கு ஆள் தெரியச் சீட்டுப் போட்டதாக ஓரிடத்தும் காணோம்.

அந்நூலின் பதினாறாம் அதிகாரம் இப்பொருளுக்கு ஒரு பாடசாலை எனலாம். பவுல் அப்போஸ்தலனும் தோழரும் ஆசியா நாட்டில் வசனம் கூற எண்ணினர், தடுக்கப்பட்டனர். பித்தினியாவுக்குச் செல்ல முயன்றனர். அங்கும் இடம் பெறவில்லை. துரோவாத் துறைமுகத்திற்கு வந்து சேர்ந்த இரவில், மக்கெதோனியா நாட்டான் ஒருவன் உதவி வேண்டி அழைப்பதாகப் பவுல் தரிசனம் கண்டான். இங்கே நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, தரிசனம் வீட்டில் சோம்பியிருந்தவனுக்கு அன்று, நடந்துகொண்டிருந்தவனுக்கே வந்தது. இரண்டாவது, தரிசனம் கண்டவன் பவுல் ஒருவனே; அதன் பொருளைத் துணிந்தவரோ தோழர் யாவரும். வரலாறெழுதிய லூக்கா அவ்விடத்தில் தன்மைப் பன்மையிற் பேசுவதை உற்று நோக்குக. மூன்றாவது, அவ்வழி கொண்டுசேர்த்த இடம் பிலிப்பி நகரத்துச் சிறைச்சாலை. லீதியாள் என்னும் நல்லாளின் வீட்டுக் கதவும் அங்கே திறந்தது. அடியும் தொழுமரமும் அங்கே கிடைத்தன. வழி சரியானதாயின் வருத்தம் வாராது என்று நினைப்போர் இவ்வதிகாரத்தை மறுமுறை வாசிப்பாராக.

பண்டை வரலாறு நிற்க, நம் நாட்டார் ஒருவர் வாழ்க்கையை நோக்குவோம். நெல்லை நாட்டு வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டிற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றார். நோயினால் இறுதித் தேர்வை முடிக்க இயலாமற் பட்டமின்றியே வெளியேறினார். நம்மிற் பலர் அதனை வாழ்வின் முடிவென்றே கருதியிருப்போம். அவரோ கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் காரியதரிசியாய் ஊர் ஊராகச் சென்று இளைஞரிடையே உழைத்தார். அப்பணியின் நிமித்தம் 1902-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தாமே பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்புதலைக் கண்டார். அடுத்த ஆண்டில் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கமும், 1905-ஆம் ஆண்டில் சீராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் தோன்றுவதற்குத் துணைநின்றார். பிறரைப் போகுமாறு ஏவிக்கொண்டு தாம் மட்டும் வீட்டிலிருத்தல் தகாது என்று உணர்ந்து, 1909-ஆம் ஆண்டில் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். முப்பத்தைந்து வயதில் புதுமொழி கற்று, ஏழை எளியோரிடையே வாழ்ந்தார். 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1945-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் மறையுமளவும் தோர்ணக்கல்லே அவர் களமாயிருந்தது. தேர்வு எழுத இயலாதிருந்த அவ்வாலிபரிடம் அன்றே இவையனைத்தையும் யாரேனும் கூறியிருந்தால் அவர் நம்பியிருப்பாரோ? ஒவ்வோர் அடியிலும் அவர்முன் இருந்தது அடுத்த கடமை ஒன்றே.

மற்றோர் உதாரணமும் கூறுவோம். இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டிற் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், மருத்துவ மிஷனெரிக் குடும்பத்தில் வந்தவராயினும், தாம் மிஷனெரியாவதில்லை என்றே துணிந்திருந்தார். நோயுற்ற தாயாருக்குத் துணையாயிருக்கத் திண்டிவனத்திற்கு வந்திருந்த காலத்தில், ஒரே இரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, மகப்பேற்று வேதனையிலிருக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு அவரை வேண்டினர். அவரோ மருத்துவக் கல்வி இல்லாதவர். மருத்துவரான தந்தையாரை அனுப்புவதாகக் கூறியும், ஆடவர் வந்து பார்ப்பதற்கு அம்மூவரும் இசையவில்லை. விடியற்காலையில் மூன்று பெண்களும் இறந்தனர் என்ற செய்தி வந்தது. அவர் கேட்ட அழைப்பு இதுவே. வானத்துக் குரலன்று, அயலான் வீட்டு அழுகுரல். அதன்பின் நிகழ்ந்ததையும் நோக்குக. அவர் மறுநாளே மருத்துவம் பார்க்கத் தொடங்கிவிடவில்லை. அமெரிக்கா சென்று, ஆண்டுகள் பல அருமுயற்சியுடன் பயின்று, 1899-ஆம் ஆண்டில் கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1900-ஆம் ஆண்டில் வேலூருக்குத் திரும்பினார். 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்று வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாய் விளங்குகின்றது. தேவ அழைப்பு எவருக்கும் பாடம் படிப்பதினின்றும் பரீட்சை எழுதுவதினின்றும் விலக்களிப்பதன்று என்பதை மாணவ நண்பர்கள் கருத்திற் கொள்வாராக.

இனி, அடைபட்ட கதவுகளைப்பற்றி ஒரு வார்த்தை. விரும்பிய கல்லூரியில் இடம் கிடையாவிட்டாலும், எழுதிய தேர்வில் தவறினாலும், 'தேவன் கதவை அடைத்துவிட்டார்' என்று உடனே கூறிவிடுகின்றோம். சில வேளைகளில் அது மெய்யாகவும் இருக்கலாம். தென்கடலிலுள்ள தாகிதித் தீவை நாடியிருந்த வில்லியம் கேரி, 1793-ஆம் ஆண்டில் வங்காளத்தை அடைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் ஆட்சிப் பகுதியில் மிஷனெரிகள் நிலைகொள்ள இடந்தராமையால், 1800-ஆம் ஆண்டில் டேனியர் வசமிருந்த சீராம்பூரில் தோழருடன் நிலைத்தார். ஆயினும், அதே கேரியின் வாழ்வில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 1812-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சீராம்பூர் அச்சகம் தீப்பற்றி எரிந்து, நெடுநாள் உழைப்பின் பயனாகிய கையெழுத்துப் பிரதிகளும் அச்செழுத்துக்களும் அழிந்தன. இதனை அவர் தேவன் அடைத்த கதவாகக் கொள்ளவில்லை. வேலையை மீண்டும் தொடங்கினார். தடைகள் யாவும் ஒரே பொருளுடையன அல்ல என்பது இதனாற் பெறப்படும். வேலை நல்லதாயும் பிறருக்கு இன்னும் தேவையாயும் இருக்குமாயின், தடையைக் கண்டு திரும்புமுன் அதனைத் தாண்டவும் முயலவேண்டும்.

ஈண்டு மனவருத்தத்தோடு கூறவேண்டியதொன்று உண்டு. தேவசித்தம் என்னும் அருஞ்சொல் நம்மிடையே பலகால் ஒரு திரைச்சீலையாகப் பயன்படுகின்றது. மணம் பேசுங்கால் சாதியையும் சீதனத்தையும் முதலிற் பேசி முடித்துக்கொண்டு, பின்னர், 'தேவசித்தப்படி நிச்சயிக்கப்பட்டது' என்று அழைப்பிதழில் அச்சிடுகின்றோம். 1961-ஆம் ஆண்டிலேயே இந்நாட்டுச் சட்டம் தடைசெய்த வரதட்சணையைத் தேவன் எங்ஙனம் சித்தங்கொண்டிருப்பார்? மிகுந்த சம்பளமுள்ள வேலை வந்தால் ஜெபத்திற்குக் கிடைத்த விடை என்று துதிக்கின்றோம். குறைந்த சம்பளத்திற் கிராமத்துப் பள்ளிக்கு அழைப்பு வந்தால் மட்டும், 'இன்னும் ஜெபித்துப் பார்க்க வேண்டும்' என்கின்றோம். பொருளின்மையால் படிப்பை நிறுத்தும் ஏழை மாணவியை நோக்கி, 'இது தேவசித்தம், பொறுத்துக்கொள்' என்று ஆறுதல் கூறுவாரும் உளர். அவள் படிப்பு நின்றது தேவசித்தத்தினாலன்று. உதவக்கூடிய நாம் உதவாமையினாலேயே. நம்முடைய அன்பின்மைக்குத் தேவனுடைய நாமத்தைச் சூட்டுதல் அவருடைய நாமத்தை வீணிலே வழங்குதலாகும். சபைக் கூட்டங்களில், 'கர்த்தர் எனக்குச் சொன்னார்' என்று கூறி மற்றவர் வாயை அடைப்பதும் இவ்வகையினதே.

அங்ஙனமாயின், உண்மையான நடத்துதலைப் போலியினின்று பிரித்தறியும் வகை யாது? வழிவழியாகத் திருச்சபையின் பெரியோர் போற்றிவரும் உரைகற்கள் சில உள. நம் எண்ணம் வேதாகமத்தின் முழுநோக்கோடும் கிறிஸ்துவின் குணத்தோடும் பொருந்துகின்றதா என்பது ஒன்று. நம்மை நன்கறிந்த பெரியோரிடத்தும் நண்பரிடத்தும் அதனை மறைவின்றிக் கூறி, அவர்தம் மறுமொழியைப் பொறுமையோடு கேட்டோமா என்பது ஒன்று. பெரியாரைத் துணைக்கோடலுக்கு ஓர் அதிகாரமும், தெரிந்து செயல்வகைக்கு ஓர் அதிகாரமும் வள்ளுவனார் வகுத்திருத்தலைத் தமிழராகிய நாம் மறத்தல் ஆகாது. சிறுவனாகிய சாமுவேலும் தன்னை அழைத்தவர் யாரென்று முதியவராகிய ஏலியின் துணைகொண்டன்றோ அறிந்தான்! இவ்வெண்ணத்தினால் அயலானுக்கு நன்மையுண்டோ என்பது மூன்றாவது. நான்காவது எல்லாவற்றினும் கடியது: நாம் விரும்பாத விடையைத் தேவன் தருவாராயின் அதனை ஏற்க ஆயத்தமாயிருக்கின்றோமா? கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் தம் விருப்பத்தை மறையாது பிதாவிடம் தெரிவித்தார். தெரிவித்தபின் அவர் கரத்தில் ஒப்புவித்தார். விருப்பத்தைக் கூறுதல் குற்றமன்று. விடையை நாமே எழுதி வைத்துக்கொண்டு கையொப்பம் மட்டும் கேட்பதே குற்றம்.

இத்துணையும் ஆய்ந்து துணிந்தபின்னும் தவறிவிடின் என்செய்வது என்னும் அச்சம் சில நல்லுள்ளங்களை வாட்டுகின்றது. வாழ்க்கை ஒரே வினாவுள்ள தேர்வன்று. ஒரு விடை பிழைத்தால் யாவும் பிழைத்தது என்று தேவன் தாளை மடித்துவிடுவாரல்லர். மந்தை வழிசேர்வது ஆட்டின் அறிவுக்கூர்மையாலன்று, மேய்ப்பனின் கருத்துடைமையாலேயே. உண்மையோடு தேடிப் பிழைபட்டவனைத் தேவன் தேடிவந்து திருப்புவார். தேடவும் மாட்டேன், நடக்கவும் மாட்டேன் என்று இருப்பவனையே திருப்புதல் அரிது.

தேவ நடத்துதல் குருமாருக்கும் மிஷனெரிமாருக்கும் மட்டுமே உரியதென்று எண்ணுதலும் தவறு. பள்ளி ஆசிரியன், செவிலி, கணக்கன், உழவன், கணினிமுன் அமர்ந்து தொழில் செய்வோன் ஆகிய யாவருக்கும் அது உரியது. இன்ன வேலை என்பதைப்போலவே, அவ்வேலையை எங்ஙனம் செய்கின்றோம் என்பதும் தேவசித்தத்தில் அடங்கியதே. கையூட்டு வாங்காத எழுத்தனும், பின்வரிசை மாணவனையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியையும், அழைப்பைத் தேடி அலையவேண்டுவதில்லை; அவர்கள் அழைப்பிலேயே நிற்கின்றனர்.

இவ்வாண்டு நம் கல்லூரியை விட்டுப் பிரியும் மாணவ மாணவியர்காள்! பத்தாண்டுகளுக்குப்பின் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது உங்களுக்கும் தெரியாது; எமக்கும் தெரியாது. அதனை அறியவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. ஆனால் இன்று செய்யவேண்டியவை சில உங்களுக்குத் தெரியும். வரும் தேர்வைப் பிறர் தாளைப் பாராமல் எழுதுதல், விடுதித் தோழனிடம் பெற்ற கடனைத் தீர்த்தல், மனக்கசப்பினாற் பேச்சற்றுப்போன அறைத்தோழியிடம் முதலிற் சென்று பேசுதல், உங்களைப் படிக்கவைக்க உழைத்துக் களைத்த பெற்றோருக்கு ஒரு வரியேனும் நன்றி எழுதுதல் ஆகிய இவற்றைக் குறித்துத் தேவசித்தம் யாதென்று எவரும் சீட்டெடுத்துப் பார்க்க வேண்டுவதில்லை. இவற்றிலிருந்தே தொடங்குங்கள். கைவிளக்கின் ஒளி காலடியில் விழுந்து கிடக்கின்றது. உங்களை இத்துணை தூரம் நடத்திவந்த தேவன் இனியும் நடத்துவாராக என்பதே எம் வேண்டுதல்.